போதும் என்று சொன்னவர்கள்

எங்கள் தோட்டத்தில் நடந்த முதல் விருந்துக்கு வந்தவர்கள், அதை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மறுபடியும் சாப்பிட்டார்கள். இது எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

எங்கள் தோட்டம் என்று சொல்வது பழக்கத்தில் வந்துவிட்டது. அது என் மனைவியின் தம்பியுடையது. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி உள்ளே போகவேண்டும். அவன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கழுத்துவலி என்று டாக்டரிடம் போனான். அவர், எப்போதும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருக்காமல் கொஞ்சம் பச்சையையும் பாருங்கள் என்றாராம். நிலம் வாங்கிவிட்டான். உரக்கடை உரம் இல்லை, பூச்சி மருந்து இல்லை, எல்லாம் இயற்கை முறை. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நான் அப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் டிரில்லிங் மெஷினில் இருந்தேன். பத்தாவது முடித்ததிலிருந்து ஏதாவது ஒரு மெஷின் முன்னால்தான் நின்றிருக்கிறேன். அதில் ஒரு வசதி உண்டு. யாரும் பேசமாட்டார்கள், பேசினாலும் கேட்காது. பட்டறையை மூடியபோது மற்றவர்கள் வேலை போயிற்றே என்று கவலைப்பட்டார்கள். புது இடத்தில் புது ஆட்களோடு பேசவேண்டி வருமே என்று நான் கவலைப்பட்டேன். தோட்டம் என்றதும் ஒப்புக்கொண்டேன். கத்தரிச்செடி பேசாது.

சேலையூரிலிருந்து தாம்பரத்துக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று போய்வந்துகொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் மைத்துனனுக்கு யோசனை வந்தது.

"மாமா, சீசனுக்கு ஒரு டின்னர் வைக்கலாம். அந்த மாசம் நம்ம மண்ணுல என்ன வெளையுதோ அதை மட்டும் சமைச்சு, அங்கயே உக்காந்து சாப்பிடறது. வெளிநாட்டுல இப்ப இதுதான் டிரெண்டு."

"இதைத்தான்டா நாங்க சோறுன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றாள் என் மனைவி.

"கேட்டரிங் சொல்லிடலாம்க்கா."

"எதுக்கு? நான் சமைக்கிறேன்."

அவள் சொன்ன வேகத்தில் நாங்கள் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் மகள்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அவள் சமையலைச் சாப்பிட மிச்சம் இருந்தது நான் ஒருவன். சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. நன்றாக இருந்தாலும் சாப்பிடுவேன், இல்லாவிட்டாலும் சாப்பிடுவேன். முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது என்பாள். வேறு யாராவது தன் சமையலைச் சாப்பிட்டு என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குப் பார்க்கவேண்டியிருந்தது. அப்படி அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க வீட்டில் விதவிதமாகக் கத்தரிக்காய் வந்தது.

"நேத்து வச்சது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்தாள்.

வந்தவர்களை வரவேற்றுப் பரிமாறும் வேலையை மைத்துனன் என்னிடம் விட்டான். "எனக்கு எப்ப வேணா அமெரிக்காலேந்து கால் வரும் மாமா" என்றான். விருந்து நாட்களில் அது கட்டாயம் வந்தது.

முதல் விருந்து சித்திரைக் கடைசியில் நடந்தது. மாலை வெயில் தாழ்ந்ததும் கிணற்றடிக் கொட்டகையில் பாய் விரித்து, எங்கள் வாழையிலிருந்தே இலை அறுத்துப் போட்டோம். இருட்டுவதற்குள் முடித்துவிடவேண்டும். இருட்டியபின் கொசு எங்களைச் சாப்பிட ஆரம்பிக்கும். முருங்கைக்காய் சாம்பார், எண்ணெய்க் கத்தரிக்காய், வெள்ளரிக்காய்க் கூட்டு, மாங்காய்ப் பச்சடி, மோர். அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், மோர் தவிர அநேகமாக எல்லாம் அந்த நிலத்தில் விளைந்தவை. மைத்துனன் அனுப்பிய அழைப்பைப் பார்த்து குரோம்பேட்டை, மேடவாக்கம், சேலையூர் என்று பல இடங்களிலிருந்து ஒரு பந்திக்கு ஆள் வந்திருந்தது. சின்ன வயதுக்காரர்கள் இலையைப் போட்டோ எடுத்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிட்டயர்டான டீச்சர் ஒருவரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் வேட்டி கட்டிக்கொண்டு வாளியும் கரண்டியுமாக ஒரு சுற்றுப் பரிமாறினேன். இரண்டாம் சுற்று வந்தபோது ஒவ்வொருவரிடமும், "போதுமா?" என்று கேட்டேன். ஒவ்வொருவரும் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து, "போதும், போதும்" என்றார்கள். நான் அடுத்த இலைக்குப் போனேன். பேச்சு இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. கை கழுவிவிட்டு எல்லாரும் நன்றி சொல்லிப் போனார்கள்.

பானைகள் அடுப்படிக்குத் திரும்பின. என் மனைவி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் இருந்தது. மூடிகளைத் திரும்பப் போட்டாள்.

"உப்பு கூடிப்போச்சா?"

"இல்லையே."

"காரம்?"

"இல்லையே."

அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் நாங்கள் அதையேதான் சாப்பிட்டோம். வழக்கம்போல நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் கேம்ப் ரோட்டுக் காய்கறிக் கடையில் அந்த டீச்சரைப் பார்த்தேன். நான் தக்காளிக் கூடைக்குப் பின்னால் நகர்வதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"உங்க வீட்டம்மா கைக்குத் தங்க வளையல் போடணும் சார். அந்தக் கத்தரிக்காய் இன்னும் நாக்குல நிக்குது."

"சரிங்க."

"வீட்டுக்குப் போய் பிரெட் சாப்பிட்டோம்."

எனக்குப் புரியவில்லை. நின்றேன். அவரே சொன்னார்.

"நீங்க போதுமான்னு கேட்டீங்க. போதும்னு சொன்னோம். நீங்க போயிட்டீங்க."

"ஆமாம்."

"ஒரு தடவைதான் கேட்டீங்க சார்."

"போதும்னு சொன்னீங்களே."

அவர் என்னைப் பள்ளிக்கூடத்துப் பார்வையாக ஒன்று பார்த்தார். "கேட்டவுடனே வைங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பக்கத்துல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு எங்க வீட்டுக்காரர் கையை இலை மேலயே வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். நீங்க மோர் வாளியோட வந்துட்டீங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். ஓட்டலில் இதே ஆட்கள் சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் அழைப்பில் மைத்துனன், 'எங்கள் வீட்டு விருந்தாளியாக வாருங்கள்' என்று போட்டிருந்தான். அவர்கள் விருந்தாளியாகவே வந்துவிட்டார்கள். யார் வீட்டிலாவது சாப்பிடும்போது என் மனைவியும் இப்படித்தான். முதல் தடவை போதும் என்பாள். இரண்டாவது தடவை ஐயோ வேண்டாம் என்பாள். மூன்றாவது தடவை கையை எடுப்பாள். பரிமாறுகிறவர்கள் வற்புறுத்தவேண்டும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்த வீட்டிலும் நான் வற்புறுத்தும் இடத்தில் இருந்ததில்லை. இலை முன்னால் உட்காரும் இடத்தில்தான் இருந்திருக்கிறேன்.

டீச்சர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"நல்லா இருந்தா கேட்டு வாங்கிச் சாப்பிடுவாங்க."

"நீ கேட்டு வாங்குவியா?"

"நான் வேற. நீங்க எனக்காகச் சமாதானம் சொல்ல வேணாம்."

சமாதானம் சொல்லும் அளவுக்கு நான் பேசுகிறவன் இல்லை என்பதாவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் விருந்து ஆவணியில். மாமா பேசமாட்டார் என்பது மைத்துனனுக்குப் புரிந்து, மைக் பிடித்துப் பேச ஒருவரை ஏற்பாடு செய்திருந்தான். கல்யாண ரிசப்ஷன்களில் பேசுகிறவராம். பளபளவென்று கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நான் பரிமாறினால் போதும்.

"இந்த ஈவினிங்கோட ஹீரோ யாரு? சுரைக்காய்! சுரைக்காய்க்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க!"

எல்லார் வலது கையிலும் சாம்பார் சாதம் இருந்தது. இடது கையால் தொடையில் தட்டினார்கள்.

பீர்க்கங்காய்த் துவையல் வந்தபோது பீர்க்கங்காயைப் பற்றிக் கேள்வி கேட்டார். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பீர்க்கங்காய் பரிசு. அதை வாங்க அவர் எழுந்து போய்வருவதற்குள் இலையில் ஈ மொய்த்தது. நான் வாளியோடு இரண்டாம் சுற்றுக்குத் தயாராக நின்றபோது மைக்கில் அறிவித்தார்.

"இன்னும் வேணும்கிறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க!"

அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு இன்னும் சோறு வேண்டும் என்று கையைத் தூக்குகிற ஆளை நான் எங்கள் பக்கத்தில் இன்னும் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை.

"சூப்பர்! எல்லாருக்கும் வயிறு ஃபுல்!" என்றார்.

அன்று என் மனைவி மூடிகளைத் திறக்கவில்லை. பானையைத் தூக்கிப் பார்த்தாள். கனம் போதுமானதாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"இன்னும் ஒரே தடவை. அதுலயும் இப்படி வந்துச்சுன்னா நீ கேட்டரிங்காரனையே வச்சிக்க. எனக்கு எங்க வீட்டு அடுப்பு போதும்."

"அவங்க பனீர் போடுவாங்கக்கா. நம்ம மண்ணுல பனீர் வெளையாதே."

"அது உன் பாடு."

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். அவள் போதும் என்று சொல்லி, நிஜமாகவே போதும் என்ற அர்த்தத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் அதற்குப் பிறகு எந்தக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று என்னிடம் கேட்கவும் இல்லை. ஒரே குழம்பையே திரும்பத் திரும்ப வைத்தாள்.

மூன்றாவது விருந்து தை மாதத்தில் என்று முடிவானது. கோட்டுக்காரர் வேண்டாம் என்று நானே மைத்துனனிடம் சொன்னேன். அப்போ யார் பேசறது என்றான். பார்த்துக்கிறேன் என்றேன்.

பேசிப் பழகுவதென்று முடிவு செய்தேன். மெஷின் சத்தத்தில் வாழ்ந்தவன் என்பதால் கிணற்றடி மோட்டார் ஓடும்போது போய் நின்றுகொண்டேன். சத்தம் இருந்தால் எனக்கு வாய் வரும். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. தைரியமாக இருந்தது. குரலை உயர்த்தி, "அட, கையை எடுங்க! ஒரே ஒரு கரண்டி!" என்றேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் மோட்டார் நின்றது. 'ஒரே ஒரு கரண்டி' மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"யாரு கைல சார் பேசிக்கினு கீற?"

பின்னால் மீன்காரக்கா நின்றிருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு வந்து மீன் விற்கிறவர். மீன் கழிவை வெல்லம் போட்டு ஊறவைத்துச் செடிக்குத் தெளிப்போம். வாரத்துக்கு ஒருமுறை அவர்தான் டிரம்மில் கொண்டுவந்து இறக்குவார்.

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அய்ய, இதுக்கா மோட்டாராண்ட பேஜாராயினு கீற? நானும் வந்து குந்துறேன். எனக்கு வெய்யி பாக்கலாம்."

"வாங்கக்கா."

"மீன் உண்டா?"

"இந்த மண்ணுல விளைஞ்சது மட்டும்தான்."

"மீனு போட்டுத்தான சார் வெளஞ்சிது" என்றார்.

தை மாதம் எங்கள் நிலத்துக்கு நல்ல மாதம். மொச்சை, அவரை, பரங்கி, வாழைத்தண்டு, சர்க்கரைவள்ளி எல்லாம் இருந்தது. என் மனைவி காலையிலேயே வந்து அடுப்பு மூட்டிவிட்டாள். யாரோடும் பேசவில்லை. மொச்சைக் குழம்பை மட்டும் அடிக்கடி திறந்து மூடினாள். சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். பந்தியின் முதல் இலையில் டீச்சரும் அடுத்ததில் அவர் கணவரும் உட்கார்ந்தார்கள். பிரெட்டுக்குப் பிறகும் வந்திருந்தது ஆச்சரியமாக இருந்தது. கடைசி இலையில் மீன்காரக்கா. மைத்துனனுக்கு கால் வந்தது, போனோடு தென்னை மரத்துப் பக்கம் போய்விட்டான்.

முதல் சுற்று முடிந்தது. மொச்சைக் குழம்பு வாளியோடு இரண்டாம் சுற்றுக்கு டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"போதும் சார்" என்று கையைக் குறுக்கே வைத்தார்.

இப்போது நான் சொல்லவேண்டும். வாக்கியம் முழுசாக மனசில் இருந்தது. வாய்க்கு வரவில்லை. கொட்டகையில் எந்தச் சத்தமும் இல்லை, ஒரு மோட்டார் ஓடினால் தேவலை என்றிருந்தது. அடுத்த இலைக்கு நகரவும் முடியவில்லை. நகர்ந்தால் அவர்கள் பிரெட் சாப்பிடுவார்கள். என் மனைவி வீட்டு அடுப்புக்குப் போய்விடுவாள். அதனால் கரண்டியை இலைக்கு மேலே பிடித்தபடி அப்படியே நின்றேன். மெஷினில் அப்படித்தான் நிற்பேன். துளை முழுதாக இறங்கும்வரை பிடியை விடக்கூடாது, அவசரப்படவும் கூடாது.

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

"நிஜமாவே போதும் சார்."

நின்றேன்.

"வயிறு நிறைஞ்சிடுச்சு."

நின்றேன். அவர் கை இலை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. "சரி, ஒரு கரண்டி" என்றார். வைத்தேன். எப்படி அங்கிருந்து போவது என்று தெரியாததால் அதற்குப் பிறகும் நின்றேன்.

"இன்னொரு கரண்டி வாங்கிக்கோ. இவர் போகமாட்டார் போல இருக்கு" என்றார் அவர் கணவர். தன் இலையிலிருந்து கையை அவர் முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தார்.

அடுத்து மேடவாக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், "நான் டயட்ல இருக்கேன் அங்கிள்" என்றார். நின்றேன். "ரைஸை சுத்தமா கட் பண்ணிட்டேன் அங்கிள்" என்றார். நின்றேன். அவர் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தன் இலைக்குள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "சரி, வைங்க அங்கிள்" என்றார். சோறும் வைத்தேன்.

பாதிப் பந்தி தாண்டியதும் விஷயம் முன்னால் பரவிவிட்டது. நான் வருவதற்குள் கைகள் விலகிவிட்டன. சிலர் பேருக்கு ஒருமுறை போதும் என்றார்கள், கையை வைக்காமலே. கடைசி இலையில்தான் தடை.

"இன்னா சார், செலையாட்டம் நின்னுகினு? வெக்கறதுன்னா வெய்யி, எனக்கு பஸ்ஸு கீது."

"போதும்னு நீங்க சொல்லவே இல்லையேக்கா."

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? பசிக்குது."

வாளி காலியாகி அடுப்படிக்குப் போனேன். என் மனைவி வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்காமல் வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். மறுபடியும் போனேன், மறுபடியும் வந்தேன். பரங்கிக்காய்க் கூட்டு முடிந்தது. அவரைப் பொரியல் முடிந்தது. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, கரண்டி பானையின் அடியை உரசுகிற சத்தம் கேட்டது. அவள் ஒரு நிமிடம் கையை நிறுத்திவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு முறை உரசினாள்.

எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது மைத்துனன் போனைப் பையில் போட்டபடி வந்தான்.

"செம பசிக்கா. எனக்கு எடுத்து வச்சிருக்கியா?"

"மோர் இருக்கு" என்றாள்.

எங்களுக்கும் மோர்தான் இருந்தது. அதைக் குடித்துவிட்டு, பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். வெளியில் எதைச் சாப்பிட்டாலும் குறை சொல்கிறவள் அன்று சால்னாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விருந்தைப் பற்றியும் சொல்லவில்லை. பானை காலியாகிவிட்டது, சரி. ஆனால் அவள் தொடர்வாளா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கேட்க எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தாம்பரம் போகும் ரயில் வருவதாக அறிவித்தார்கள்.

"முதல் தடவை மாங்காய்ப் பச்சடி வச்சேனே, எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையையும் திருப்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலின் விளக்கு தெரிந்தது. ஆட்கள் எழுந்து முன்னால் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. ரயில் வந்து நின்றது.

"வெல்லம் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"அப்படி வாங்க வழிக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சித்திரையில கூட்டிடலாம்."

ஓடித்தான் ஏறினோம்.